வீட்டு வீடியோ கேம் தொழிலின் முதல் 20 வருடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடாரி, நிண்டெண்டோ என்று பேச்சு எடுத்தாலே ஒரே மாதிரிக் கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. எது முதல் மெஷின், 1983இல் ஏன் எல்லாம் கவிழ்ந்தது, நிண்டெண்டோ மட்டும் எப்படிப் பிழைத்தது. பதில்களை ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். எந்த விளையாட்டு நன்றாக இருக்கும் என்பதெல்லாம் இதில் இல்லை. பணம் எந்த வழியாக வந்தது, நஷ்டம் யார் தலையில் விழுந்தது என்பதுதான் இங்கே விஷயம். கார்ட்ரிட்ஜை எல்லா இடத்திலும் கேசட் என்றே எழுதுகிறேன். நாம் அப்படித்தானே சொல்லிப் பழகியிருக்கிறோம்.

வீட்டில் விளையாடும் வீடியோ கேமை முதலில் கொண்டுவந்தது அடாரிதானே?

இல்லை. 1972இல் அமெரிக்காவின் மேக்னவாக்ஸ் நிறுவனம் விற்பனைக்கு விட்ட ஒடிஸிதான் முதல் மெஷின். அதன் மூளை ரால்ஃப் பேர். நாஜி ஆட்சிக் காலத்தில் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் சாண்டர்ஸ் அசோசியேட்ஸ் என்ற ராணுவ எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இன்ஜினியராக இருந்தார். வீட்டுக்கு வீடு டிவி வந்துவிட்டது, அதில் நிகழ்ச்சி பார்ப்பதைத் தவிர வேறு என்ன செய்யலாம் என்று யோசித்து, 1966 செப்டம்பரில் நான்கு பக்கத்துக்குக் குறிப்பு எழுதினார். அடுத்த இரண்டு, மூன்று வருடங்களில் சக ஊழியர்களுடன் சேர்ந்து பல மாதிரிகளைச் செய்து பார்த்தார்.

ஆனால் சாண்டர்ஸ் கடையில் பொருள் விற்கும் கம்பெனி கிடையாது. ராணுவத்துக்குக் கருவி செய்பவர்கள் பொம்மைக் கடையில் போய் என்ன செய்வார்கள்? அதனால் காப்புரிமையைப் பதிவு செய்துகொண்டு, டிவி கம்பெனிகளைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். ஆர்.சி.ஏ.வுடன் பேச்சு கிட்டத்தட்ட முடிந்து, கடைசியில் முறிந்தது. 1971இல் மேக்னவாக்ஸ் உரிமம் வாங்கியது. அதாவது இந்தத் தொழிலில் போடப்பட்ட முதல் ஒப்பந்தமே உரிமம் கொடுத்துப் பங்கு வாங்கும் ஒப்பந்தம்தான்.

ஒடிஸி ஏன் பெரிதாக ஓடவில்லை?

சுமார் 100 டாலர் விலை. 1975இல் நிறுத்தும்வரை ஏறக்குறைய 3.5 லட்சம் விற்றது. புதுப் பொருளுக்கு இது மோசமில்லை என்றாலும், ஓஹோ என்று சொல்லவும் முடியாது. கோளாறு விற்பனையில் இருந்தது. மேக்னவாக்ஸ் தன் டிவிகளைத் தன் சொந்த டீலர்கள் வழியாகத்தான் விற்றுவந்தது. ஒடிஸியும் அங்கேதான் கிடைத்தது. அதனால் மேக்னவாக்ஸ் டிவி இருந்தால்தான் இது ஓடும் என்று நிறையப் பேர் நினைத்துவிட்டார்கள். உண்மையில் எந்த டிவியிலும் ஓடும். டிவி விற்கிற கம்பெனிக்கு இது கடைக்கு ஆள் இழுக்கும் ஒரு புதுமை, அவ்வளவுதான்.

ஒடிஸியிலும் கார்டு மாற்றி மாற்றிப் போடுவார்களாமே? அப்படியானால் அதுவே முதல் கேசட் இல்லையா?

வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் அந்தக் கார்டைத் திறந்து பார்த்தால் உள்ளே சிப் எதுவும் கிடையாது. ஒரு முனையை இன்னொரு முனையோடு இணைக்கும் செம்புக் கோடுகள் மட்டும்தான். மெஷினுக்குள் ஏற்கெனவே இருக்கும் சர்க்யூட்டில் எதை எதோடு சேர்ப்பது என்று கார்டு முடிவு செய்யும். திரையில் வருவதெல்லாம் சில வெள்ளைப் புள்ளிகளும் ஒரு கோடும். சத்தம் கிடையாது, ஸ்கோர் கிடையாது. டென்னிஸ் கோர்ட் வேண்டுமென்றால் அதற்கென்று கொடுத்த பிளாஸ்டிக் ஷீட்டை டிவி கண்ணாடி மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். பெட்டிக்குள் தாயக்கட்டை, சீட்டு, போக்கர் காசு எல்லாம் வைத்துக் கொடுத்தார்கள்.

ஆக, எந்தக் கார்டு வந்தாலும் பெட்டிக்குள் இருப்பதைத்தான் இப்படியும் அப்படியும் இணைக்க முடியும். அதில் இல்லாத விளையாட்டை வெளியிலிருந்து கொண்டுவர வழியே இல்லை. விளையாட்டைத் தனிச் சரக்காக விற்கும் வியாபாரம் இன்னும் பிறக்கவில்லை.

அடாரியின் பாங், ஒடிஸியைப் பார்த்து அடித்த காப்பியா?

பின்னால் அடாரியைத் தொடங்கிய நோலன் புஷ்னெல் 1972 மே மாதம் கலிஃபோர்னியாவின் பர்லிங்கேமில் நடந்த மேக்னவாக்ஸ் கண்காட்சிக்குப் போனார். ஒடிஸியின் டென்னிஸ் விளையாட்டைப் பார்த்தார். அங்கிருந்த வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தார். அடுத்த மாதம் டெட் டாப்னியுடன் சேர்ந்து அடாரியைப் பதிவு செய்தார். புதிதாகச் சேர்ந்த ஆலன் அல்கார்னிடம் பயிற்சி வேலையாக ஒரு பந்து விளையாட்டைச் செய்யச் சொன்னார். அதுதான் பாங். காசு போட்டு விளையாடும் பெட்டியாக அது பார்களில் சக்கைப்போடு போட்டது.

1974இல் மேக்னவாக்ஸ் வழக்குப் போட்டது. அந்தப் பதிவேட்டுக் கையெழுத்து இருக்கும்போது அடாரி எவ்வளவு தூரம் வாதாட முடியும்? 1976இல் பணம் கொடுத்து உரிமம் வாங்கிக்கொண்டு சமாதானம் ஆனார்கள். என் கணக்கில் அது அடாரிக்கு மலிவாக முடிந்த பேரம். தொடக்கத்திலேயே ஒரு தொகையைக் கட்டி விலகிக்கொண்டார்கள். பின்னால் வந்த மற்ற கம்பெனிகளை மேக்னவாக்ஸ் வருடக்கணக்கில் ஒவ்வொன்றாக நீதிமன்றத்துக்கு இழுத்தது. மெஷின் விற்று வந்ததைவிட இந்தக் காப்புரிமைகள் கொண்டுவந்த பணம்தான் அந்தக் கண்டுபிடிப்பின் நிலையான வருமானம்.

ஆனால் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். மட்டையின் எந்தப் பகுதியில் பட்டதோ அதற்கேற்ப பந்து கோணம் மாறுவது, போகப் போக வேகம் கூடுவது, அந்த ‘டொக்’ சத்தம், திரையிலேயே ஸ்கோர் எல்லாம் அல்கார்ன் செய்தவை. ஒடிஸியில் இவை இல்லை.

பாங் வீட்டுக்குள் வந்தது எப்படி?

அமெரிக்காவின் பெரிய கடைச் சங்கிலியான சியர்ஸ் வழியாக. 1975 தொடக்கத்தில் அடாரி வீட்டு பாங்கைப் பொம்மைக் கண்காட்சிக்குக் கொண்டுபோனபோது கடைக்காரர்கள் யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை. சியர்ஸின் விளையாட்டுச் சாமான் பிரிவில் இருந்த டாம் க்வின் மட்டும் ஆர்வம் காட்டி, கிறிஸ்துமஸுக்கு 1.5 லட்சம் கேட்டார். அடாரியிடம் அத்தனை செய்யத் தொழிற்சாலையும் இல்லை, பணமும் இல்லை. சியர்ஸின் ஆர்டரைக் காட்டித்தான் முதலீட்டையே திரட்டினார்கள். பதிலுக்கு முதல் சீசனில் மெஷின் சியர்ஸுக்கு மட்டும். பெட்டி மேல் சியர்ஸின் டெலி-கேம்ஸ் பெயர்.

பிறகு எல்லாக் கம்பெனியும் பாங் செய்தது ஏன்?

1976இல் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் ஏஒய்-3-8500 என்ற சிப்பை விட்டது. டென்னிஸ், ஃபுட்பால், ஸ்குவாஷ் உட்பட ஆறு விளையாட்டு ஒரே சிப்பில். வாங்கி, நாலு பட்டன் வைத்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டால் மெஷின் தயார். இன்ஜினியரே இல்லாத கம்பெனிகூட செய்யலாம். செய்தார்கள். முதலில் ஆர்டர் கொடுத்த கொலிகோவுக்கு முழு சரக்கும் கிடைத்தது. தாமதமாக வந்தவர்களுக்கு கேட்டதில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

கொலிகோ என்பது தோல் சாமான் வியாபாரமாகத் தொடங்கிய கனெக்டிகட் கம்பெனி. அவர்களுடைய டெல்ஸ்டார் சுமார் 50 டாலர், அதாவது வீட்டு பாங்கில் பாதி விலை. அது அரசின் ரேடியோ இடையூறு சோதனையில் தோற்றுவிட்டது. அதில் பாஸ் ஆகாமல் விற்க முடியாது; சீசனோ நெருங்கிவிட்டது. பதறிப் போய் சாண்டர்ஸில் ரால்ஃப் பேரிடம் ஓடினார்கள். அவர் டிவிக்குப் போகும் வயரை ஒரு சின்ன ஃபெரைட் வளையத்தில் இரண்டு சுற்று சுற்றிவிட்டார். சோதனை பாஸ். டெல்ஸ்டார் அந்த வருடம் 10 லட்சத்தைத் தாண்டி விற்றது. உரிமத் தொகையும் ஒழுங்காக வந்தது. கண்டுபிடித்தவர் தன் போட்டியாளரின் பழுதைச் சரிசெய்து கொடுத்துச் சம்பாதிப்பது இந்தத் தொழிலில் அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

எல்லோரிடமும் ஒரே சிப் என்றால் போட்டி விலையில்தான் நடக்கும். 1977இல் பாங் மெஷின்கள் மலைபோல் தேங்கி, வந்த விலைக்குத் தள்ளிவிடப்பட்டன. 1983இன் ஒத்திகை என்று இதைச் சொல்லலாம். யாரும் பாடம் படிக்கவில்லை.

கேசட் யோசனை யாருடையது?

பலர் ஜெர்ரி லாசன் ஒருவர் பெயரை மட்டும் சொல்வார்கள். அவர் பங்கு பெரியது, ஆனால் யோசனை வேறு இடத்தில் தொடங்கியது. ஆல்பெக்ஸ் என்ற சிறிய கம்பெனியில் வாலஸ் கர்ஷ்னர், லாரன்ஸ் ஹாஸ்கல் இருவரும் விளையாட்டை மெமரி சிப்பில் எழுதி, அதைக் கழற்றி மாட்டும் ஒரு மாதிரியைச் செய்திருந்தார்கள். அதற்கு ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் என்ற சிப் கம்பெனி உரிமம் வாங்கியது. ஃபேர்சைல்டில் அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் லாசன். அவர் கறுப்பினத்தவர். அன்றைய சிலிக்கான் பள்ளத்தாக்கில் கறுப்பின இன்ஜினியர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மேசை மேல் ஓடும் மாதிரியை வீட்டுக்குக் கொண்டுவருவதில்தான் பெரிய தலைவலி. குழந்தைகள் மின்சாரம் ஓடும்போதே பிடுங்குவார்கள், தலைகீழாகச் சொருகுவார்கள், உடம்பில் தேங்கிய நிலைமின்சாரத்தோடு தொடுவார்கள். ஆயிரக்கணக்கான தடவை மாட்டிக் கழற்றினாலும் உலோக முனை தேயக் கூடாது. நிக் டாலஸ்ஃபோரும் ரான் ஸ்மித்தும் இதற்கான வெளிக்கூட்டையும் இணைப்பையும் வடிவமைத்தார்கள். அப்போது கார்களில் பாட்டுக் கேட்ட எட்டு டிராக் டேப் அளவில், மஞ்சள் நிறத்தில் வந்தது. ஃபேர்சைல்ட் சேனல் எஃப், 1976 நவம்பர், 169.95 டாலர். கேசட் 19.95 டாலர்.

சிப் கம்பெனிக்கு இதில் என்ன ஆசை? தன் எஃப்8 சிப்பை விற்கலாம், மெமரியையும் விற்கலாம். விளையாட்டு கிடைக்காவிட்டால் மெஷின் ஓடாது என்பதை ஃபேர்சைல்ட் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. அதனால் முதலில் வந்தும் கோட்டை விட்டது.

அடாரி 2600 ஏன் ஜெயித்தது? அது அத்தனை நல்ல மெஷினா?

மலிவான மெஷின். அதுதான் அதன் பலம். 1975இல் இன்டெலின் 8080 நூறு டாலருக்கு மேல் விற்றபோது, மாஸ் டெக்னாலஜி தன் 6502 சிப்பை 25 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. அடாரியின் ஆராய்ச்சிக் குழு ஓடிப்போய்ப் பேசியது. கடைசியில் அதைவிட மலிவான 6507ஐ எடுத்தார்கள். மெமரி 128 பைட். இந்த ஒரு பத்திகூட அதற்குள் அடங்காது.

திரையில் வரவேண்டிய படத்தை முழுதாகச் சேமிக்க மெமரி போதாது. எனவே ஜே மைனர் வடிவமைத்த படச் சிப் ஒரு நேரத்தில் ஒரு கோட்டை மட்டுமே கவனிக்கும். டிவியின் கதிர் ஒரு கோட்டை வரைந்து முடிப்பதற்குள், அதாவது புராசஸரின் 76 துடிப்புகளுக்குள், இந்தக் கோட்டில் என்ன வரவேண்டும் என்று புரோகிராம் சொல்லியாக வேண்டும். பிந்தினால் படம் குலைந்துவிடும். சிலிக்கானில் மிச்சம் பிடித்த காசை புரோகிராமரின் மண்டையில் ஏற்றினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் இதில் எதிர்பாராத லாபம் ஒன்று இருந்தது. பாங்கையும் டாங்கிச் சண்டையையும் மனதில் வைத்துச் செய்த மெஷினில், கெட்டிக்கார புரோகிராமர்கள் நினைத்தே பார்க்காததையெல்லாம் செய்து காட்டினார்கள். அதனால் மெஷினுக்கு வயதாகவில்லை.

மெஷினை முடித்துச் சந்தைக்குக் கொண்டுவரப் பணம் வேண்டியிருந்ததால் 1976இல் வார்னர் கம்யூனிகேஷன்ஸுக்கு 2.8 கோடி டாலருக்குக் கம்பெனியை விற்றார்கள். 1977 செப்டம்பரில் சுமார் 200 டாலர் விலையில் வந்தது. முதல் இரண்டு வருடம் சுமார்தான். 1980இல் ஜப்பானின் டைட்டோவிடம் உரிமம் வாங்கி ஸ்பேஸ் இன்வேடர்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்தபிறகுதான் கூட்டம் அலைமோதியது. அந்த ஒரு விளையாட்டுக்காகவே மெஷின் வாங்கினார்கள்.

மெஷினை நஷ்டத்துக்கு விற்று கேசட்டில் எடுத்தார்கள் என்பது உண்மையா?

நஷ்டத்துக்கு என்பது கொஞ்சம் மிகை. மெஷினில் லாபம் மெலிசு, கேசட்டில் கொழுப்பு. பிரிண்டரைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு மையில் கறப்பார்களே, அதே சூத்திரம். ஆனால் அந்தச் சூத்திரம் நிற்க ஒரு நிபந்தனை உண்டு: மையை வேறு யாரும் விற்கக் கூடாது. அடாரியின் மெஷினில் அதைத் தடுக்க எதுவுமே இல்லை. யார் கேசட் செய்து சொருகினாலும் ஓடும். இந்தக் காலத்தின் வெற்றி தோல்விகளைப் பார்த்தால், யார் கேசட் செய்யலாம், விற்காமல் நின்ற கேசட்டை யார் சுமப்பது என்ற இரண்டு கேள்விகளில்தான் எல்லாம் முடிவானது என்று எனக்குத் தோன்றுகிறது. சிப்பின் வேகம் அதற்குப் பிறகுதான்.

ஆக்டிவிஷன் எப்படிக் கிளம்பியது?

மேலே சொன்ன அந்தக் கெட்டிக்கார புரோகிராமர்களில் நான்கு பேர்: டேவிட் கிரேன், லாரி கப்லான், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட். எந்தக் கேசட் எவ்வளவு விற்றது என்ற பட்டியல் அடாரிக்குள் சுற்றுக்கு வந்தது. தாங்கள் செய்தவை மட்டும் சுமார் 6 கோடி டாலர் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். சம்பளமோ வருடத்துக்கு 20, 30 ஆயிரம் டாலர். பெட்டி மேல் பெயர்கூடக் கிடையாது. ஜவுளித் தொழிலிலிருந்து வந்த தலைவர் ரே கஸாரிடம் போய்ப் பேசினார்கள். கேசட்டை அசெம்பிள் செய்கிறவரைவிட நீங்கள் பெரிய ஆள் இல்லை என்ற பொருளில் பதில் வந்தது என்பது அவர்கள் தரப்புச் சொல்.

1979 அக்டோபரில் ஜிம் லெவியுடன் சேர்ந்து ஆக்டிவிஷனைத் தொடங்கினார்கள். லெவி இசைத்தட்டுத் தொழிலிலிருந்து வந்தவர். பாடகர் பெயரைப் போட்டு விற்பதுபோல் விளையாட்டையும் ஆக்கியவர் பெயரோடு விற்றார். வேறொருவர் மெஷினுக்கு விளையாட்டு மட்டும் செய்யும் முதல் தனிக் கம்பெனி இது. அடாரி வழக்குப் போட்டது. 1982இல் உரிமத் தொகை கட்டுவதாக ஒப்புக்கொண்டு சமாதானம் ஆயிற்று. அதே வருடம் வந்த கிரேனின் பிட்ஃபால் 40 லட்சத்துக்கு மேல் போனது.

அடாரியின் தவறு வழக்கில் சமாதானம் ஆனது இல்லை. ஆக்டிவிஷன் நல்ல கேசட் செய்ததால் அடாரி மெஷினும் விற்றது. தொந்தரவு, கதவு திறந்திருக்கிறது என்பதை அமெரிக்கா முழுக்க எல்லோரும் பார்த்துவிட்டதில்தான். ஓட்ஸ் கம்பெனியான க்வேக்கர் ஓட்ஸ்கூட ஒரு கேம் பிரிவை வைத்துக்கொண்டது.

இன்டெலிவிஷன், கொலிகோவிஷன் தொழில்நுட்பத்தில் மேலானவை இல்லையா?

மேலானவைதான். பொம்மைக் கம்பெனியான மேட்டலின் இன்டெலிவிஷன் 1980இல் நாடு முழுதும் வந்தது, 16 பிட் புராசஸர், சுமார் 300 டாலர். விரைவில் கீபோர்டு வரும், முழுக் கம்ப்யூட்டராகிவிடும் என்று விளம்பரம் செய்தார்கள். சில இடங்களில் சோதனைக்கு விற்றதைத் தவிர அது வரவே இல்லை. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் தலையிட்டு அபராதம் விதிக்கும் அளவுக்குப் போனது.

கொலிகோ இன்னும் சாமர்த்தியம். 1982இல் கொலிகோவிஷனோடு நிண்டெண்டோவின் டாங்கி காங்கைப் பெட்டியிலேயே வைத்துக் கொடுத்தது. கூடவே அடாரி கேசட்டுகளைக் கொலிகோவிஷனில் ஓட்டும் ஒரு இணைப்புக் கருவியையும் விற்றது. அடாரி மெஷினின் பாகங்களில் பெரும்பாலானவை சந்தையில் கிடைப்பவைதான் என்பதால் இது சாத்தியம். போட்டியாளரின் மொத்த கேசட் கிடங்கையும் தன் மெஷினுக்குச் சொந்தமாக்கிக்கொள்வது என்றால் சும்மாவா? அதற்கும் வழக்கு, அதற்கும் உரிமத் தொகை.

1983இல் சந்தை ஏன் சரிந்தது?

விளையாட்டுகள் மட்டம் என்பது பாதி பதில். மட்டமான சினிமா எத்தனை வந்தாலும் சினிமாத் தொழில் மூடிவிடுவதில்லை. இங்கே ஏன் மூடியது என்று பார்க்க, கேசட் எப்படித் தயாராகிறது என்பதைப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் ரோம் சிப்பில் விளையாட்டு தொழிற்சாலையிலேயே பதிந்துவிடும், அழிக்க முடியாது. சிப்பை மாதங்களுக்கு முன்பே ஆர்டர் கொடுக்க வேண்டும். எத்தனை விற்கும் என்று முன்கூட்டியே ஊகித்து, அத்தனைக்கும் பணம் போட வேண்டும். ஊகம் தப்பினால் கையில் இருப்பது பிளாஸ்டிக் குப்பை.

அந்த ஊகத்தையும் அடாரியே கெடுத்துக்கொண்டது. 1981 அக்டோபரில், 1982 முழு வருடத்துக்கும் வேண்டிய சரக்கை இப்போதே ஆர்டர் செய்யுங்கள் என்று விநியோகஸ்தர்களிடம் சொன்னது. கேட்டதில் பாதிதான் வரும் என்று அதுவரை அனுபவப்பட்டவர்கள் தேவையைவிட அதிகமாகக் கேட்டார்கள். அடாரி அதை உண்மையான தேவை என்று எடுத்துக்கொண்டு உற்பத்தி செய்தது. 1982இல் புதுக் கம்பெனிகளின் கேசட்டுகளும் அலமாரியை நிறைக்கத் தொடங்கியதும் ஆர்டர்கள் ஒவ்வொன்றாக ரத்தாயின.

அடுத்தது கடைக்காரர் கதை. விற்காத சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகத்தான் பேச்சு. ஆனால் திருப்பி அனுப்பப் போனால் பல சின்னக் கம்பெனிகளிடம் பணமே இல்லை, சில கம்பெனிகளே இல்லை. கடைக்காரர் என்ன செய்வார்? 30, 35 டாலர் கேசட்டை 5 டாலருக்கு ஒரு தொட்டியில் கொட்டுவார். பக்கத்து அலமாரியில் அடாரியின் புதுக் கேசட் முழு விலையில் நிற்கும். பெற்றோர் எதை எடுப்பார்கள்? நல்ல விளையாட்டைச் செய்தவரும் சேர்ந்து அடிவாங்கியது இப்படித்தான். கமடோர் 64 போன்ற வீட்டுக் கம்ப்யூட்டர்கள் 1983இல் 200 டாலருக்கு இறங்கியதும், படிக்கவும் உதவும், விளையாடவும் உதவும் என்று மிச்சமிருந்த ஆட்களும் அந்தப் பக்கம் போனார்கள்.

1982 டிசம்பர் 7 அன்று, எதிர்பார்த்த 50 சதவீத வளர்ச்சி வராது, 10 முதல் 15 சதவீதம்தான் என்று வார்னர் அறிவித்தது. வளர்ச்சிதான், சரிவுகூட இல்லை. ஆனாலும் மறுநாள் பங்கு விலை மூன்றில் ஒரு பங்கு இறங்கியது. 1983இல் அடாரியின் நஷ்டம் 50 கோடி டாலரைத் தாண்டியது. 1984இல் வீட்டு மெஷின், கம்ப்யூட்டர் பிரிவை வார்னர் ஜாக் ட்ராமியலிடம் தள்ளிவிட்டது. அவர் கமடோரை நிறுவியவர்.

எல்லாவற்றுக்கும் ஈ.டி. கேசட்தானே காரணம்?

பழியைப் போட வசதியான கேசட், அவ்வளவுதான். ஸ்பீல்பெர்க் படத்துக்கான உரிமப் பேச்சு 1982 ஜூலை கடைசியில்தான் முடிந்தது. கிறிஸ்துமஸுக்குக் கடையில் இருக்க வேண்டும் என்பதால் ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்கு ஐந்து வாரம் கொடுத்தார்கள். சுமார் 40 லட்சம் செய்தார்கள். பெரும்பகுதி திரும்பி வந்தது. 1983 செப்டம்பரில் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைக் கிடங்கில் லாரி லாரியாகப் புதைத்து மேலே கான்கிரீட் ஊற்றினார்கள். 2014இல் தோண்டிப் பார்த்தபோது ஈ.டி. மட்டும் இல்லை, நன்றாக விற்ற விளையாட்டுகளும் கிடந்தன. எனவே அந்தக் குழி ஒரு விளையாட்டின் கல்லறை என்பதைவிட, கிடங்கைக் காலி செய்த இடம் என்பதே சரி.

ஜப்பானிலும் சரிந்ததா?

இல்லை. அமெரிக்காவில் கடைகள் மூடிக்கொண்டிருந்தபோது, 1983 ஜூலை 15 அன்று நிண்டெண்டோ ஃபாமிகாமை 14,800 யென்னுக்கு விட்டது. தலைவர் ஹிரோஷி யமாவுச்சி, வடிவமைப்பாளர் மசாயுகி உஎமுராவிடம் கேட்டது விலை குறைவான, ஆனால் போட்டியாளர் சீக்கிரம் எட்டிப் பிடிக்க முடியாத மெஷின். சிப் விலையைக் குறைக்க ரிகோ கம்பெனிக்கு இரண்டு வருடத்தில் 30 லட்சம் சிப் வாங்குவதாக உறுதி கொடுத்தார்கள். அப்போது ஜப்பானில் அத்தனை மெஷின் விற்கும் என்று வெளியில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். முதலில் வந்த மெஷின்கள் சில நின்று நின்று போனதும் எல்லாவற்றையும் திரும்ப வாங்கி போர்டை மாற்றிக் கொடுத்தார்கள். 1984இல் ஹட்சனும் நாம்கோவும் வெளிக் கம்பெனிகளாக விளையாட்டு செய்ய வந்தன.

எரிந்துபோன அமெரிக்கச் சந்தையில் நிண்டெண்டோ எப்படி நுழைந்தது?

வீடியோ கேம் என்றாலே கடைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதனால் மெஷினை வி.சி.ஆர். போல முன்பக்கம் கேசட் நுழையும் சாம்பல் பெட்டியாக மாற்றி, ராப் என்ற ஒரு ரோபோவைக் கூட வைத்து பொம்மையாகக் காட்டினார்கள். 1985 அக்டோபரில் நியூயார்க் பகுதியில் மட்டும் விற்றுப் பார்த்தார்கள். சரக்கைக் கொண்டுவந்து வைக்கிறோம், காட்சிக்கும் நாங்களே ஆள் போடுகிறோம், 90 நாள் கழித்து விற்றதற்கு மட்டும் பணம் கொடுங்கள், விற்காததை எடுத்துக்கொண்டு போகிறோம் என்பது பேரம். முதல் சுற்றில் நஷ்டப் பயத்தை முழுக்கத் தன் தோளில் ஏற்றிக்கொண்டது.

ஆனால் மெஷினுக்குள் வேறொரு ஏற்பாடு இருந்தது. 10என்இஎஸ் என்ற பூட்டுச் சிப். மெஷினில் ஒன்று, ஒவ்வொரு கேசட்டிலும் ஒன்று. இரண்டும் பேசிக்கொண்டே இருக்கும். பேச்சு ஒத்துவராவிட்டால் மெஷின் விடாமல் ரீசெட் ஆகும். அடாரி திறந்துவிட்டிருந்த கதவு இங்கே மூடப்பட்டது. கேசட் செய்ய வேண்டுமா? நிண்டெண்டோவிடம் உரிமம் வாங்கு. வருடத்துக்கு ஐந்து விளையாட்டுதான். இரண்டு வருடத்துக்கு வேறு மெஷினில் அதை விடக் கூடாது. கேசட்டை நிண்டெண்டோதான் செய்து தரும், பணம் முன்கூட்டியே. விற்காமல் நின்றால் உன் பாடு.

இந்தக் கடைசி வரியைத்தான் கவனிக்க வேண்டும். அடாரி காலத்தில் தேங்கிய சரக்கு மெஷின் கம்பெனியை மூழ்கடித்தது. இங்கே தேங்கினாலும் நிண்டெண்டோவுக்குப் பணம் வந்துவிட்டது. ஊகத்தின் சுமையை விளையாட்டு செய்கிறவர் தலைக்கு மாற்றிவிட்டார்கள்.

அது ஏகபோகம் இல்லையா? யாரும் எதிர்க்கவில்லையா?

ஐந்து விளையாட்டு வரம்பைத் தாண்ட கொனாமி அல்ட்ரா கேம்ஸ் என்று இன்னொரு பெயரில் கம்பெனி திறந்தது. பழைய அடாரியின் காசு போட்டு விளையாடும் பெட்டிப் பிரிவு அடாரி கேம்ஸ் என்று தனியாகியிருந்தது; அதன் டெங்கன் பிரிவு பூட்டையே உடைத்தது. ஆனால் வழக்குக்குத் தேவை என்று சொல்லி அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்து பூட்டின் புரோகிராமை வாங்கிப் பார்த்துச் செய்ததால், நீதிமன்றத்தில் நிற்கவில்லை. சில்லறை விலையைக் குறைக்க விடவில்லை என்ற புகாரில் 1991இல் மத்திய வர்த்தக ஆணையத்துடனும் மாநிலங்களுடனும் நிண்டெண்டோ சமரசம் செய்துகொண்டது. வாங்கியவர்களுக்கு 5 டாலர் கூப்பன் கொடுத்தார்கள். எதற்கு? இன்னொரு நிண்டெண்டோ கேசட் வாங்க. தண்டனையா தள்ளுபடித் திட்டமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

90களில் நம் ஊரில் விற்ற டிவி கேம் நிண்டெண்டோதானா?

பெரும்பாலும் ஃபாமிகாமின் காப்பி. பூட்டுச் சிப் ஏற்றுமதி மெஷினில்தான் இருந்தது, ஜப்பான் ஃபாமிகாமில் இல்லை. அதனால் தைவானிலும் ஹாங்காங்கிலும் சீனாவிலும் அதை அப்படியே நகல் எடுப்பது சுலபமாக இருந்தது. பிறகு முழு மெஷினையும் ஒரே சிப்பில் அடக்கி, மேலே கறுப்புப் பிசின் ஒரு சொட்டு விட்டு ஒட்டிய போர்டாகவே வந்துவிட்டது. பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் கிடைத்தவை இந்த வகைதான். நிண்டெண்டோவுக்கு இதில் ஒரு பைசா போகவில்லை.

அந்தக் கேசட்டுகளில் ‘9999 இன் 1’ என்று அச்சடித்திருக்கும். பட்டியலில் கீழே போகப் போக அதே சில விளையாட்டுகள் வேறு பெயரிலும் வேறு லெவலிலும் திரும்பத் திரும்ப வரும். அமெரிக்காவிலிருந்து யாராவது அசல் நிண்டெண்டோ கேசட் கொண்டுவந்து கொடுத்தால் அதில் நேராக நுழையாது: அது 72 பின், நம் மெஷினில் 60. இடையில் ஒரு அடாப்டர் போட்டால் பெரும்பாலானவை ஓடும்.